பாசிக்கும் புறாவுக்கும் பத்து மதிப்பெண்

கட்டாய வினா என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே, பியூனேரியா என்னும் பாசிச்செடியையும் கொலம்பா லிவியா என்னும் மாடப்புறாவையும் ஒப்பிடுக, பத்து மதிப்பெண், என்று அடித்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். என்னத்தை ஒப்பிட. ஒன்று செடி, ஒன்று பறவை. ஒன்று சுவரில் முளைக்கும், ஒன்று சுவர்மேல் உட்காரும். இதை எழுதினால் பத்து மார்க் கொடுப்பார்களா. மற்றதெல்லாம் எழுதிவிட்டேன், சரியான விடையைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடம், ரத்த வகை, எலும்பு, எல்லாம் சுலபம், இப்படிக் கேட்பதற்கு ஒரு பரீட்சையா என்றுகூட நினைத்தேன், அப்படி நினைத்ததுமே இது வந்து நிற்கிறது. கல்யாண மண்டபத்தில்தான் பரீட்சை. பந்தி மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், மேசைக்கு மூன்று பேர், காகிதம் விரித்ததில் யாரோ ரசம் சிந்திய வட்டம் காயாமல் இருக்கிறது. மேடையில் நேற்றைய கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்து இன்னும் கழற்றவில்லை, மாப்பிள்ளை பேர் முழுசாக இருக்கிறது, பொண்ணு பேரில் பாதி விழுந்துவிட்டது. பக்கத்தில் மீஞ்சூரிலிருந்து வந்த பொண்ணு, பேர் சுமதியோ சுமித்ராவோ சொன்னாள், என்னை முழங்கையால் இடித்து, யக்கா இது இன்னா கேள்வி, பாசிக்கும் புறாவுக்கும் கல்யாணமா என்றாள். சிரிப்பு வரவில்லை. அவள் கையைத் தூக்கி சார் கேள்வி புரியல என்றாள். மேற்பார்வை சார் தூரத்திலிருந்தே, கேள்வியப் புரிஞ்சிக்கிறதும் பரீட்சைல ஒரு பகுதிதாம்மா என்றார். இந்த மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் இதையே சொல்கிறார்கள். சரி, புரிந்துகொள்கிறேன். இது திண்டிவனம் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற நர்சிங் அசிஸ்டென்ட் படிப்புக்கான பரீட்சை, பத்தாவது பாஸ் போதும், மார்க்கில் மேலே வருகிறவர்களுக்குப் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். மேலே வந்தால் நான் ஒரு வருஷம் திண்டிவனம் போவேன், அண்ணன் தீனாவை அம்மா பார்த்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் வீட்டுக்குப் போவேன், தீனாவை நான் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் விஷயம். நடுவில் இந்தப் பாசியும் புறாவும் வந்து உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கின்றன, வேறு எதைக் கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேன், தவளையையும் தென்னை மரத்தையும் ஒப்பிடச் சொல்லியிருந்தால்கூட ஏதாவது எழுதியிருப்பேன்.

பாசி என்றாலே குழப்பம்தான். வழவழவென்று பச்சைத் தண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதும் பாசி, புசுபுசுவென்று பூனைக்குட்டி முதுகு மாதிரி முளைப்பதும் பாசி. ப்ளஸ் ஒன்னில் பாட்டனி மிஸ் முதலாவது வேறு, ரெண்டாவது வேறு என்றார், ரெண்டாவதுக்கு வேர் கிடையாது, வேரிகள் என்கிற நூல்தான், தண்ணி ஏற்றிச்செல்லக் குழாய் கிடையாது, பக்கத்துப் பக்கத்து செல்லுக்குக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கும் என்றார். அதுவரைக்கும்தான் படித்தேன், அதற்குப் பிறகு ஸ்கூலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடி டாங்கில் இருந்தது புசுபுசு. அது பியூனேரியாவா வேறு ஏதாவதா என்று எனக்கு எப்படித் தெரியும். டாங்கின் ஓரம் ஊறிக்கொண்டே இருக்கும், ஊறுகிற பக்கம் முழுக்க மெத்தை மாதிரி, தொட்டால் குளுகுளுவென்று இருக்கும், தீனா அதன்மேல் கன்னத்தை வைத்து ஏசிடீ இது என்பான். பக்கத்தில்தான் கூண்டு. என் அண்ணன் தீனதயாளன் ஹோமர் வைத்திருந்தான், பந்தயப் புறா. புளியந்தோப்பில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து மாடியில் கூண்டு இருக்கும். புறாக்களைக் கூடையில் போட்டு கிளப் லாரியில் ஓங்கோல் தாண்டிக் கொண்டுபோய்க் காலையில் திறந்துவிடுவார்கள், அதுவாக வீட்டைத் தேடிக்கொண்டு வரும், வந்ததும் காலில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றி, நேரம் பதிகிற கடிகாரப் பெட்டியில் போட வேண்டும். ஆனால் வீட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்துவிட்டால் வந்ததாக ஆகாது. கூண்டுக்குள் இறங்கினால்தான் வந்தது. வெளியே வைத்துப் பிடிக்கப் போனால் மிரண்டு கிளம்பிவிடும், அப்புறம் எப்போது இறங்குமோ. அதனால் பந்தய நாளில் மாடியில் துணி காயப்போடக் கூடாது, புது ஆள் ஏறக் கூடாது, சத்தம் கூடாது, அம்மா அந்தப் பழைய பச்சை நைட்டியைத்தான் போட வேண்டும், புறாவுக்கு அது பழக்கமாம். அம்மா திட்டிக்கொண்டே போடுவாள், எம்மாங் கூத்துடா, கட்டிக்கப் போறவளுக்காகக்கூட நீ இப்டி ஏங்க மாட்ட என்பாள். ஒரு பந்தயத்தன்று அவனுடைய சாம்பல் பெட்டைப் புறா முதல் ஆளாக வந்துவிட்டது. எனக்கே தெரிந்தது, தெருவில் வேறு எந்த மாடியிலும் விசில் சத்தம் இல்லை. வந்தது நேராக டாங்கின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, இறக்கையைக் கோதிக்கொண்டு, என்னமோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி. தீனா விசிலடித்தான், கடலையைக் குலுக்கினான், அசையவில்லை. ஓங்கோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டு நாலு அடி இறங்க அதற்கு என்ன கஷ்டம், இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அவன் ஏணியில் ஏறி டாங்கின் மேல் குந்தியபடி மெதுவாக, கையில் கடலையை நீட்டிக்கொண்டு, வா வா என்று வாயைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு போனான். நான் கூண்டு வாசலில் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கால் வைத்த இடத்தில் பாசி பாய் மாதிரி உரிந்து அவனோடு வந்தது. விழும்போது அவன் சத்தமே போடவில்லை. கீழே பைப்பின்மேல் முதுகு பட்டபோது மட்டும் ஒரு சத்தம், அது அவன் சத்தம் இல்லை, பைப்பின் சத்தம். பெட்டை ஒரு சுற்று பறந்து வந்து, தானாக நடந்து கூண்டுக்குள் போய்க் கடலையைக் கொத்த ஆரம்பித்தது. நான் கயிற்றை இழுத்துக் கதவை மூடினேன். ஏன் மூடினேன் என்று தெரியாது, கைக்குப் பழக்கம், அப்புறம்தான் கத்தினேன்.

இதையெல்லாம் எழுத முடியாது. ஒப்பிடுக என்றால் நடுவில் ஒரு கோடு போட வேண்டும், இந்தப் பக்கம் பாசி, அந்தப் பக்கம் புறா. கோடு போட்டுவிட்டேன், ஸ்கேல் இல்லாமல் போட்டதால் கொஞ்சம் புறா பக்கம் சாய்ந்துவிட்டது. பாசி, இடம் விட்டு இடம் நகராது. புறா, நகரும். பாசி, நரம்பு இல்லை. புறா, நரம்பு உண்டு. இங்கே பேனா நின்றுவிட்டது. நரம்பு. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் தீனாவின் உள்ளங்காலில் சாவியால் கீறிப் பார்த்தார், தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே போனார், தீனா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தெரியலையே சார் என்றான், யாரோ வழி கேட்டதற்குச் சொல்வது மாதிரி. இடுப்புக்குக் கீழே நரம்பு கட் ஆகிவிட்டது, நரம்பு திரும்ப முளைக்காது என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா முளைக்காது என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், நரம்பு செடியாடீ முளைக்கிறதுக்கு என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் பாசி, அவனோடு உரிந்து வந்தது, மாடியில் அதே இடத்தில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. அதன் மேல் அவன் குதிகால் அழுந்திய பள்ளம் இருந்தது. வெயிலில் காய்ந்து பழுப்பாகி, சுருண்டு, கால் பட்டால் பொடியாகும் போலாகிவிட்டது. செத்துவிட்டது என்று நினைத்தேன், நல்லா வேணும் என்றும் நினைத்தேன். அப்புறம் ஒரு மழை. மழை விட்டு அவன் போர்வையைக் காயப்போட மாடிக்குப் போனபோது அது பச்சையாக இருந்தது. அதே இடத்தில், அதே பள்ளத்தோடு, பச்சைப் பசேலென்று. ஓடிப்போய் எண்ணெயைக் காய்ச்சி அவன் காலைத் தேய்த்தேன், பாதத்திலிருந்து தொடை வரைக்கும், கை வலிக்க வலிக்க, அவன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே, பொரியல் தாளிக்கிற வாசன வருது, சாப்புட வரலாமா என்றான். தினம் தேய்த்தேன். டாக்டர் சொன்னது புரியாமல் இல்லை. புரிந்தது ஒரு பக்கம், மாடியில் அது பச்சையாக இருப்பது ஒரு பக்கம். குழாய் இல்லை, வேர் இல்லை, ரத்தம் இல்லை, ஒன்றுமே இல்லாத ஒன்றுக்கு ஒரு மழை போதும், எல்லாம் இருக்கிற ஒருத்தனுக்கு எதுவும் போதாது, இதில் எது உயர்ந்த உயிரி எது தாழ்ந்த உயிரி, புத்தகத்தில் பாசியைத் தாழ்ந்த தாவரம் என்று போட்டிருக்கும். சரி, அதை எழுதலாம். பாசி, தாழ்ந்த நிலைத் தாவரம். காய்ந்தாலும் பிழைக்கும். புறா, உயர்ந்த நிலை விலங்கு. காய்ந்தால். காய்ந்தால் என்று எழுதிவிட்டு அடித்தேன்.

மேற்பார்வை சார் ஒரு தடவை பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனார், பூண்டு ஊறுகாய் வாசனை. இப்போது புறா பக்கம் எழுதலாம், புறா பற்றி எனக்கு இந்த மண்டபத்தில் யாரைவிடவும் தெரியும். எலும்புக்குள் காற்று இருக்கும். அம்மாவும் அப்பாவும் ரெண்டு பேருமே கழுத்துக்குள் பால் ஊறவைத்துக் குஞ்சுக்குக் கக்குவார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வளர்ந்த கூண்டுக்குத் திரும்பும். இதுதான் அதன் பெருமை என்று தீனா எல்லோரிடமும் சொல்வான், இப்போது சொல்வதில்லை. விழுந்த பிறகு அவன் புறாக்களையெல்லாம் ஃபரூக்குக்குக் கொடுத்துவிட்டான். ஃபரூக் அவனோட கூட்டாளி, அடுத்த தெரு, ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் லாரியில் கூடை ஏற்றுவார்கள். ஃபரூக் கொண்டுபோய்த் தன் கூண்டில் அடைத்து வைத்தான், அடைத்தே வைத்திருந்தால் சரி, ஒரு நாள் திறந்தானோ இல்லையோ எல்லாம் எங்கள் மாடிக்கு வந்துவிட்டன. கூண்டு இல்லை, கூண்டை உடைத்து விறகுக்குக் கொடுத்தாயிற்று. இல்லாத கூண்டின் இடத்தில் இறங்கி, நடந்து, குழம்பி, சுவரைச் சுவரைப் பார்த்தன. அந்தச் சாம்பல் பெட்டையும்தான். கீழே கட்டிலில் படுத்தபடியே அந்த இறக்கைச் சத்தம் தீனாவுக்குக் கேட்டுவிட்டது, அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன், உடனே அதை அவனே அடித்துத் துரத்துவதையும் பார்த்தேன். தொரத்திவுட்டு வாடி என்றான். நான் மாடிக்குப் போய்ப் பழைய பக்கெட்டைத் தட்டினேன். எழும்பி வட்டமடித்துத் திரும்ப அங்கேயே. மறுபடி தட்டினேன். புத்தி கெட்டவை. பறக்க முடியும், ஓங்கோல் வரைக்கும், அதற்கு மேலேயும், ஆனால் போக முடியாது. பாசிக்குப் போக முடியாது, புறாவுக்கும் போக முடியாது, ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று நூல் கட்டாமலே கட்டுப்பட்டிருக்கிறது, அப்படியென்றால் இது வேறுபாடா ஒற்றுமையா, எந்தப் பக்கம் எழுதுவது. கோட்டின் மேலேயே எழுதலாமா.

தீனாதான் இந்தப் படிப்பைப் பற்றிப் போனில் பார்த்துச் சொன்னான். இதுதான் எனக்குப் புரியாதது, இதிலேயேதான் சுற்றிச் சுற்றி வருகிறேன். நான் ப்ளஸ் ஒன் விட்டது அவனுக்காகத்தான், அம்மா வேலைக்குப் போனால்தான் சோறு, அம்மா ரெண்டு ஆபீஸ் பெருக்கித் துடைக்கிறாள், அவனைப் புரட்டிப் படுக்க வைக்க, புண் வராமல் முதுகைத் துடைக்க, மூத்திரப் பையை மாற்ற, பேதியானால் கழுவ, வேறு யார். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே. ஸ்கூல் எனக்கு ஒன்றும் அப்படிப் பிடிக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போன மாசம் நான் அவனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் சுவரைப் பார்த்தபடியே, இந்த மாதிரி ஒரு படிப்பு இருக்கு, பரீட்ச எழுது, என்றான். எதுக்கு என்றேன். நீ கழுவி வுடுறது எனக்குப் புடிக்கல, வேற எவனாச்சும் கழுவட்டும், என்றான். ஃபரூக் வரானாம் காலையில, சொல்லிட்டேன், உங்கம்மா சாயங்காலம் பாத்துப்பா. உங்கம்மா என்றான், எங்களுக்கு ஒரே அம்மாதான். நான் துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு, ஏன் ஃபரூக் கழுவுனா மட்டும் மணக்குமா என்றேன். அவன் சிரிக்கவில்லை. போனா போயிடு எழிலு, அந்தப் புறாக் கழுதைங்க மாதிரி திரும்பத் திரும்ப வந்து நிக்காத, எனக்குப் பக்கெட்டு தட்ட முடியாது, என்றான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பிறகு சமையல் பக்கம் கூப்பிட்டு, அவன் கெடக்கறான், நீ போ, ஆனா வாராவாரம் சனிக்கெழம பஸ்ஸ புடிச்சி வந்துடு, நீ வராட்டி அவன் தின்ன மாட்டான் என்றாள். ஒருத்தன் வராதே என்கிறான், ஒருத்தி வராமல் இருக்காதே என்கிறாள். ரெண்டு பேருமே என்னை வைத்துத்தான் பேசுகிறார்கள், ரெண்டுமே என்னைப் பற்றி இல்லை. அவன் எனக்காகத் துரத்துகிறானா, அவனுக்காகத் துரத்துகிறானா. தங்கச்சி தன்னை அம்மணமாகப் போட்டுத் துடைப்பது எந்த அண்ணனுக்குப் பிடிக்கும், அதற்காக என்றால் எனக்குக் கோபம் வருகிறது. என் வாழ்க்கை போகிறதே என்பதற்காக என்றால் இன்னும் கோபம் வருகிறது, யார் அவனைக் கேட்டது. நான் எனக்காகப் போகிறேனா என்றால், ஆமாம், எனக்கு அலுத்துவிட்டது. அந்த அறை, டெட்டால், போர்வை, விடிந்தால் முதல் வேலை பை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது. அலுத்துவிட்டது என்று மனசுக்குள் சொன்னதும் உடனே இன்னொன்று பின்னாடியே வந்து நிற்கிறது, ஃபரூக் அவனைத் தூக்குவான், பலசாலிதான், ஆனால் இடது இடுப்பில் படுக்கைப் புண் வரப்பார்க்கிற அந்தச் சிவந்த இடத்தைப் பார்ப்பானா, அது நிறம் மாறினால் அவனுக்குத் தெரியுமா, தீனாவுக்கு வலிக்காது, வலித்தால்தானே சொல்வான். இதில் வேடிக்கை என்னவென்றால் திண்டிவனத்தில் எனக்குச் சொல்லித்தரப் போவதும் இதைத்தான். புரட்டுவது, துடைப்பது, சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே அண்ணனுக்குச் செய்வதை அங்கே போய்ப் படித்துவிட்டு வேறு எவனுடைய அண்ணனுக்கோ செய்யப் போகிறேன், அதற்குச் சம்பளம், வெள்ளைக் கோட்டு. அண்ணனை எவனோ பார்த்துக்கொள்வான், எவனையோ நான் பார்த்துக்கொள்வேன். நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது. பாட்டனி மிஸ் சொன்னது இன்னொன்று இப்போது ஞாபகம் வருகிறது, பாசியின் மேல் தலையில் குடுவையோடு ஒரு காம்பு நிற்குமே, அது தனிச்செடி, அடியில் இருக்கிற பச்சைச் செடியின் மேல் நின்றுகொண்டு அதையே உறிஞ்சிக் குடிக்கும், கடைசி வரைக்கும் இறங்காது, காய்ந்ததும் குடுவை திறந்து உள்ளே இருக்கிற தூசி காற்றில் போகும். அப்படியானால் பாசியும் போகிறது. தூசியாகப் போகிறது, திரும்பி வராது. யார் மேல் யார் நிற்கிறோம் எங்கள் வீட்டில். அம்மா மேல் நானும் அவனும், என் மேல் அவன், அவன் மேல் நான் இல்லை என்று சொல்ல முடியுமா, அவன் விழுந்ததால்தான் நான் எழுந்திருக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது, இல்லாவிட்டால் ப்ளஸ் ஒன்னில் நான் தோற்றிருப்பேன், அது எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் இந்தக் கேள்வியைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பத்து மார்க் போனால் மேலே வர முடியாது. மேலே வராவிட்டால் யாரும் எதையும் முடிவு பண்ண வேண்டாம், தீனா துரத்தியதும் செல்லாது, அம்மா சனிக்கிழமை சொன்னதும் செல்லாது, கேள்வி கஷ்டம், அவ்வளவுதான், பஸ் ஏறிப் போய் பக்கெட்டை எடுக்கலாம். நானாகப் போகாமல் இருந்தேன் என்று ஆகாது, நானாகப் போனேன் என்றும் ஆகாது. கோட்டின் ரெண்டு பக்கமும் பாதி பாதி எழுதி, பாதி அடித்து, யாராவது படித்தால் பைத்தியம் என்பார்கள். அந்த நேரத்தில் மேடைப் பக்கம் ஒரு அம்மா ஓடி வந்து சாரின் காதில் ஏதோ சொன்னார். சார் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு மைக் இல்லாமலே கத்திச் சொன்னார், கட்டாய வினாவில் அச்சுப் பிழை, பாசிச்செடியையும் பெரணியையும் ஒப்பிடுக, அல்லது வௌவாலையும் மாடப்புறாவையும் ஒப்பிடுக என்று இருந்திருக்க வேண்டும், நடுவில் ஒரு வரி விழுந்துவிட்டது, இப்போது மாற்ற நேரமில்லை, கேள்வி எண் போட்டு ஒரு வரி எழுதியிருந்தாலும் பத்து மார்க் உண்டு. மண்டபம் முழுக்க மேசை தட்டினார்கள். மீஞ்சூர்ப் பொண்ணு எண்ணைப் போட்டு, பாசி பச்சை புறா சாம்பல் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். யக்கா, நீ இம்மாம் எழுதிட்டியே, பாவம் என்றாள். நடுவில் விழுந்த ஒரு வரி. அவ்வளவுதானா. இந்த ரெண்டையும் யாருமே சேர்த்து வைக்கவில்லை, யாரும் எனக்கென்று கேட்கவில்லை, அச்சடிக்கிற இடத்தில் யாரோ சாப்பிடப் போகிற அவசரத்தில் விட்டது. எங்கள் மாடியிலும் இப்படித்தானா. பாசிக்கு அந்தப் பெட்டையைத் தெரியாது, பெட்டைக்குப் பாசியைத் தெரியாது, ரெண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது நான்தான், நான் மட்டும்தான். அதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று யாரோ மேடையிலிருந்து சத்தமாகச் சொன்னால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. அப்புறம் பயம் வந்தது, கொஞ்சம் தாமதமாக. பத்து மார்க்கும் எனக்கு வந்துவிட்டது. மற்றதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் நான் மேலே வந்துவிடுவேன். சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் இப்போதுகூட எல்லாவற்றையும் அடித்துவிடலாம், ரத்த வகை, எலும்பு, எல்லாம், ஒரு குறுக்குக் கோடு போதும். பேனா கையில்தான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. தாளின் மேல் முனையை வைத்தேன், ஒரு புள்ளி விழுந்து பெரிதாகிக்கொண்டே போனது.

புள்ளி கோடாவதற்குள் மணி அடித்தார்கள். சார் தாளை வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தரிடமும் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்தபோதுதான் காதில் விழுந்தது. சீட்டு கிடைத்தால் ஹாஸ்டலில் தங்குவாயா, வாரக் கடைசியில் வீட்டுக்குப் போவாயா, அங்கேயே இருப்பாயா, சமையல்காரருக்கு இப்போதே ஆள் கணக்கு வேண்டுமாம். மீஞ்சூர்ப் பொண்ணு, போவேன் சார், எங்க வூட்டுக்காரு வுடணுமே என்று சிரித்தாள். அவர் போவேன் என்ற பக்கம் ஒரு கோடு போட்டார். என் தாளைப் பிடித்தார். நான் விடவில்லை, அவர் இழுத்தார், விட்டேன்.

"ஹாஸ்டலாம்மா?"

"ஹாஸ்டல்."

என் குரல்தான், ஆனால் யாரோ பக்கத்து மேசையில் சொன்ன மாதிரி இருந்தது.

"வாராவாரம் போவியா, இருந்துடுவியா?"

"ரெண்டும் இல்ல சார். மாசத்துக்கு ஒரு தடவ போவேன்."

"அப்படி ஒண்ணு இதுல இல்லியேம்மா. போறதுன்னா போறது, இருக்கறதுன்னா இருக்கறது."

"பக்கத்துல எழுதிக்கோங்க சார். மாசத்துக்கு ஒரு தடவ. கதவத் தொறந்தாலும் தொறக்காட்டியும் போவேன்."

எந்தக் கதவு என்று அவர் கேட்கவில்லை. அலுத்துப்போய் ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அம்மா திட்டுவாள், வாராவாரம் என்றேனே என்பாள். தீனா சுவரைப் பார்ப்பான். பார்க்கட்டும். கிளம்புவதற்கு முன்னால் ஃபரூக்கைக் கூப்பிட்டு அந்த இடது இடுப்பைக் காட்டி, இது இந்த நிறத்தைத் தாண்டினால் எனக்குப் போன் பண்ணு என்று சொல்ல வேண்டும், தீனா கத்துவான், கத்தினாலும் காட்ட வேண்டும். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி பேசிவிட்டேன், அவ்வளவுதான். எழுந்தேன். ஒரு காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன், கால் மரத்துப்போய் என்னுடையது இல்லாத மாதிரி கிடந்தது. தரையில் ஊன்றினேன், தரை தெரியவில்லை. குனிந்து கிள்ளினேன், தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் மூன்று பேர் வெளியே போக வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள், யக்கா நவுரு என்றாள் மீஞ்சூர்ப் பொண்ணு. பிறகு குதிகாலில் ஒரு ஊசி, அப்புறம் பாதம் முழுக்க எறும்பு, முழங்கால் வரைக்கும் ஏறியது, தாங்க முடியாத வலி, பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த வலியோடேயே காலை எடுத்து முன்னால் வைத்தேன்.